லிஜா குறித்த இடம்

2011ஆம் வருடம் பி.எட். படித்தவர்களுக்குப் புதிதாக ஒரு தலைவலி வந்து சேர்ந்தது. பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஒரு பாடமாவது இணையக் கருவி ஒன்றை வைத்து நடத்த வேண்டும். நடத்தி முடித்ததும் அதைப் பற்றித் தன் சிந்தனைகளைக் கல்லூரியின் வலைப்பூவில் எழுத வேண்டும். சத்தியபாய் மேடம் இதை அறிவித்தபோது வகுப்பில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது. டெல்சி மட்டும் முன்பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளிடம் மடிக்கணினி இருந்தது. சவூதிக்கு மீன்பிடிக்கப் போயிருந்த அண்ணன் சிஜோ போன லீவில் கொண்டுவந்து கொடுத்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டால் தான் ஏற்கெனவே ஆசிரியையாகிவிட்டது மாதிரி ஒரு மிதப்பு அவளுக்கு.

பயிற்சிக்குச் சொந்த ஊர்ப் பள்ளியையே கேட்டு வாங்கினாள். மண்டைக்காட்டிலிருந்து கரையோடு மேற்கே போனால் வரும் ஊர். பங்குக் கோயில் நடத்தும் பள்ளி. கணினி அறையில் இருந்தவற்றில் உப்புக்காற்று தின்றது போக மூன்று உயிரோடிருந்தன. ஒன்பதாம் வகுப்புக்கு அட்சரேகை, தீர்க்கரேகை நடத்த வேண்டும். டெல்சிக்கு இதே பாடத்தை நடத்திய சிஸ்டர் உலக உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, புத்தகத்தில் அடிக்கோடு போடச் சொல்லி வேலையை முடித்துக்கொண்டவர். தான் ஒருநாளும் அப்படி இருக்கப்போவதில்லை என்று டெல்சி சபதமே எடுத்திருந்தாள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் ஓர் இடத்தைக் குறித்துப் பெயர் எழுதிவைக்கக்கூடிய வரைபடத் தளம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. வகுப்புக்கென்று அதில் ஒரு கணக்குத் தொடங்கினாள்.

"உங்க வீட்டுக்கு ரொம்ப முக்கியமான ஒரு எடம். அதுக்க அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டும் கண்டுபிடிச்சு, குறிச்சு, பேரும் போடணும்" என்றாள் வியாழக்கிழமை.

மறுநாள் கோயில் வந்தது, சிலுவை நிற்கும் குருசடி வந்தது, ரேஷன் கடை வந்தது. ஒருவன் தன் சித்தப்பா வேலை பார்க்கும் தோஹாவைக் குறித்துவிட்டு அது எப்படி உன் வீட்டு இடமாகும் என்று கேட்டவர்களோடு மல்லுக்கு நின்றான். கடைசியில் வந்தவள் லிஜா. உள்ளங்கையில் பேனாவால் எண்களை எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

"கடலுக்குள்ள வைக்கலாமா டீச்சர்?"

"வையி. கடலும் எடந்தானே."

லிஜா எண்களைத் தட்டினாள். கரை விலகி, வள்ளங்கள் நிற்கும் துறை விலகி, திரை முழுக்க வெறும் நீலம் வந்து நின்றது. நடுவில் ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு 'அப்பாக்க பாரு' என்று பெயர் வைத்தாள்.

"இந்த நம்பர் உனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

"அப்பாக்க ஜி.பி.எஸ்.ஸ நாந்தான் நோக்கிக் குடுப்பேன் டீச்சர். அப்பாக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுல்லா."

டெல்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் செத்துக் கிடந்த ஒன்று ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் எழுந்து வந்திருக்கிறது. வகுப்பையே கைதட்டச் சொன்னாள்.

கரையில் பிறந்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு நெருடல் வந்திருக்க வேண்டாமா என்றால், வந்திருக்கத்தான் வேண்டும். கடலுக்கடியில் மீன் கூடித் தங்கும் பாறைக்குத்தான் அங்கே பாரு என்று பெயர். ஒருவன் தேடிக் கண்டுபிடித்த பாருவை மற்றவனிடம் சொல்ல மாட்டான். கட்டிய பெண்டாட்டியிடம் சொல்ல மாட்டான். மகனுக்குச் சொல்வான். மகளுக்குச் சொல்லவே மாட்டான். அவள் நாளைக்கு வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனால் பாருவும் கூடவே போய்விடும். லிஜாவின் அப்பா கிளீட்டஸுக்கு மகன் இல்லை. அதனால்தான் ஊரில் யாரும் செய்யாததை அவர் செய்திருந்தார். டெல்சியோ ஆறாம் வகுப்பிலேயே கான்வென்ட் விடுதிக்குப் போனவள். பாரு என்பது ஆண்கள் குரலைத் தாழ்த்திப் பேசும்போது காதில் விழுகிற ஒரு சொல், அவ்வளவுதான் அவளுக்கு. அன்றைக்கு அவள் கண்ணுக்குக் கடல் தெரியவில்லை. சரியான விடை ஒன்றுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா ததேயுஸ் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ரெண்டு வருடமாகவே அவர் தூண்டிலுக்குக் கடல் முகம் கொடுக்கவில்லை. சிஜோவும் சவூதிக்குப் போனதிலிருந்து பேச்சே குறைந்துபோனது. மகள் என்ன படிக்கிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. டெல்சி அவர் மடியிலேயே கணினியைக் கொண்டு வைத்தாள்.

"இங்க பாருங்கப்பா, எனக்க பிள்ளைக செஞ்சது."

கோயிலையும் ரேஷன் கடையையும் காட்டும்போது "ம்" என்றார். நீலத்தில் இருந்த புள்ளியைக் காட்டி, லிஜா வைத்தது என்றதும் திரையை நோக்கிக் குனிந்தார். "இது கிளீட்டஸுக்க மோளு வச்சதா?" என்றார்.

"ஆமா."

"நம்பர வாசி."

வாசித்தாள். அவர் உதடுகள் அசைந்தன.

"இன்னொருக்க வாசி."

மறுபடியும் வாசித்தாள், நிறுத்தி, நிதானமாக, வகுப்பில் வாசிப்பதுபோலவே. அப்பா முதல்முறையாகத் தன் பாடத்தைக் கேட்கிறார் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. நினைத்தாலே இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும்.

சனிக்கிழமை காலையில் அம்மா வேளாங்கண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்துக் கேட்டாள்.

"நேத்து அப்பாட்ட என்னத்தட்டி காட்டின? மனுசனுக்குச் சோறே எறங்கல. கெடந்து உருளுதாரு."

அப்போதுதான் டெல்சிக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள். டேட்டா கார்டு வேறு நேரம் பார்த்துச் சண்டித்தனம் செய்தது. கிணற்றடிக்கும் மொட்டைமாடிக்கும் கணினியைச் சுமந்துகொண்டு அலைந்தாள். கடைசியில் தளம் திறந்தது. லிஜாவின் புள்ளியை அழித்தாள். அதற்குமுன் அதன் ஓரத்தில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற கணக்கைக் கவனித்தாள். வகுப்பில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை. வெளியாள் யாருமில்லை. இணையம் என்றால் உலகமே வந்து எட்டிப்பார்க்கும் என்று அவள்தான் நினைத்தாள். உலகத்துக்கு வேறு வேலை இருந்தது.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முற்றத்துக்கும் அறைக்குமாக நடந்தாள். கடைசியில் அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நேத்து பாத்தத மறந்துருங்க."

"எத?" என்றார் ததேயுஸ், தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்தபடி.

அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை. கேட்டால் அப்பாவைக் கள்ளன் என்று சொன்னதாகிவிடும். கேட்காமல் இருந்தால் என்னவாகும் என்று நினைக்கவும் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அந்த ஒருநாள் கொஞ்சம் மூச்சு விட்டாள். பூசையில் லிஜா முன்வரிசையிலிருந்து திரும்பிக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள். ஆண்கள் பக்கம் கிளீட்டஸ் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். டெல்சிக்கு அன்றைய பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை அவள் எழுந்தபோது அப்பா போயிருந்தார். வழக்கத்தைவிட முன்னாலேயே போனதாக அம்மா சொன்னாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே குழம்பு மணத்தது. தட்டில் கலவா. பாறையைவிட்டு நகராத மீன். இந்த வீட்டுச் சட்டி அதைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. வேளாங்கண்ணி சிரித்த முகத்தோடு நடுக்கண்டமாகப் பார்த்து மகளுக்கு எடுத்து வைத்தாள்.

"வயிறு சரியில்ல" என்று டெல்சி மீனை ஒதுக்கினாள்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கவே இல்லை.

சத்தியபாய் மேடம் அன்றைக்குத்தான் போன் செய்ய வேண்டுமா? கடலில் புள்ளி வைத்த சங்கதி டெல்சி சொல்லி ஏற்கெனவே அவருக்குத் தெரியும். "உன்னோடதுதான் பெஸ்ட். சிந்தனைக் குறிப்பை நாளைக்கே ஏத்திரு, எல்லாருக்கும் காட்டப்போறேன்" என்றார். அன்று சாயங்காலம் டெல்சி கணினியின் முன் உட்கார்ந்தாள். 'இக்கருவி மாணவரின் வாழ்க்கையோடு எவ்வாறு இணைந்தது?' என்பது முதல் கேள்வி. 'மிக நெருக்கமாக' என்று தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி அழித்தாள்.

செவ்வாய்க்கிழமை லிஜா வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. இடைவேளையில் டெல்சி அவளைக் கணினி அறைக்குத் தனியாக அழைத்துப் போனாள்.

"என்னட்டி மொகம்?"

"அப்பா அடிச்சாவ டீச்சர்." மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "நேத்து வெடியக்காலம் அப்பா போகும்போ நம்ம பாருல ஒரு வள்ளம் கெடந்துதாம். அப்பா வாறது கண்டதும் கயற வெட்டிட்டு ஓடிட்டாம். இருட்டுல ஆருன்னு தெரியல. அந்த நம்பர் எனக்கும் அப்பாக்கும் மட்டும்தானே தெரியும். ஆருட்ட சொன்னேன்னு கேட்டு அடிச்சாவ."

"கிளாஸ்ல வச்சத சொன்னியா?"

"இல்ல டீச்சர். அத நீங்க அழிச்சுட்டீங்கல்லா, நேத்து ஸ்கூல்ல பாத்தேன். பின்ன எதுக்கு, உங்களையும் ஏசுவாவ. ஆருட்டயும் சொல்லலன்னுதான் சொன்னேன்."

லிஜா ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

"இனி ஜி.பி.எஸ்.ஸ நான் தொடக்கூடாதாம். மாமாக்க மோன் நோக்கிக் குடுப்பானாம். பொட்டப்பிள்ளைய நம்பினது தனக்க தப்புன்னு அப்பா எல்லாருட்டயும் சொல்லியாவ."

அடியைப் பற்றிச் சொல்லும்போது வராத அழுகை அப்போது வந்தது. டெல்சிக்கு அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. தன்மீதே அவளுக்கு வந்த வெறுப்புக்கு அளவில்லை. அவளுடைய அப்பா அவளிடம் எந்தப் பாருவையும் சொன்னதில்லை. ஊரிலேயே ஒரே ஒரு மகளிடம்தான் ஓர் அப்பா சொல்லியிருந்தார். அதைப் பாழாக்கியது அவள்.

பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தாள். ததேயுஸ் முற்றத்தில் வலையைப் பரப்பிக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, கிளீட்டஸ் மாமாக்க பாருக்குப் போனீங்களா?"

"கடலுக்கு வேலி போட்டு வச்சிருக்கானா அவன்?"

"போனீங்களா?"

ஊசி கண்ணிக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

"லிஜாவ அவரு அடிச்சிருக்காரு. மொகம் வீங்கிக் கெடக்கு. அவதான் ஆருக்கோ சொல்லிட்டாளாம்."

ததேயுஸின் கை நின்றது.

"நீ அத அழிச்சாச்சுல்லா?"

"கம்ப்யூட்டர்ல அழிச்சேன்."

"எனக்க தலைக்குள்ள கெடக்கத எந்த பட்டன அமுக்கி அழிப்ப? கொண்டு வான்னு நானா சொன்னேன்? நீதான மக்கா மடியில கொண்டு வச்ச." அவர் குரலில் கோபமே இல்லை. "ரெண்டு நாளு போகாண்டாம் போகாண்டாம்னு கெடந்தேன். முடியல."

அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை. அதனால்தான் அது அவளை அப்படி அறுத்தது.

"நான் கிளீட்டஸ் மாமா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"போயி?"

"லிஜா இல்ல, நாந்தான்னு சொல்லப்போறேன்."

"ஆருட்ட காட்டினேன்னு கேப்பான்."

"கேப்பாரு."

ததேயுஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். கிளீட்டஸ் கேட்டால் அதோடு நிற்காது. ஊர்க் கமிட்டி கூடும். கோயில் முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் அப்பாவை நிறுத்துவார்கள். இத்தனை வயதுவரை யாரிடமும் ஒரு பேச்சு வாங்காதவர். போகாதே என்று அவர் சொல்லிவிட்டால் போதும் என்று அவளுடைய ஒரு பாதி காத்துக்கொண்டு நின்றது. அவர் சொல்லவில்லை. ஊசியை எடுத்தார். விட்ட கண்ணி எதுவென்று தெரியாமல் வலையை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

கிளீட்டஸின் வீடு குருசடிக்கு அடுத்த தெருவில். வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று நின்றாள். குறிப்பு எங்கே என்று கேட்டு மேடத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள். ஒரு வார்த்தையில் லிஜா தப்பிப்பாள். அதே வார்த்தையில் அப்பா மாட்டுவார். வேறு வார்த்தை எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்தது லிஜா. டெல்சியைப் பார்த்ததும் பயந்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு வேறு வழியில்லாமல் உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, டீச்சர் வந்திருக்காவ."

கிளீட்டஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சின்ன வயதிலிருந்து அவளை ஏட்டி டெல்சி என்று கூப்பிட்டவர், அவள் பாடம் நடத்த வரத் தொடங்கியதிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இரிங்க டீச்சர்" என்றார்.

டெல்சி உட்காரவில்லை.

"மாமா, லிஜா ஆருட்டயும் சொல்லல. பாடத்துக்காக அந்த எடத்த கம்ப்யூட்டர்ல குறிக்கச் சொன்னது நான். அத வீட்டுக்குக் கொண்டுபோயி காட்டினதும் நாந்தான். அவ எனக்காக அடிவாங்கியிருக்கா."

கிளீட்டஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். மகளின் கன்னத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் முகம் ஒருமாதிரி கோணிப்போனது. பிறகு டெல்சியின் பக்கம் திரும்பினார்.

"ஆருட்டட்டி காட்டின?"

"எங்க அப்பாட்ட" என்றாள் டெல்சி.