கத்தாத ஷட்டர்

போனைத் தொட்டாலே திறக்கும் அந்தக் கார் ஷெட் ஷட்டர் கிறீச்சிட்டு மேலே ஏறும்போது திருவொற்றியூரில் அந்தத் தெருவுக்கே பல் கூசும். மோகனப்ரியாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. புருஷன் தீபன் காரை உள்ளே விட்டு மாடி ஏறுவதற்குள் மகளைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்திவிடுவாள். அடி அவளுக்கு மட்டும் விழும்.

அது தீபனுக்குப் புரிந்துபோனது. மெக்கானிக் ஜுபைரைக் கூட்டிவந்தான். ஜுபைர் செயினை இறுக்கி, மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்து, உருளைகளுக்குக் கிரீஸ் தடவினான்.

"இனிமே பூன மாதிரி வரும் நைனா."

அன்று சாயங்காலமே அப்படித்தான் வந்தது. அடுப்படியில் நின்றவளின் முடியைப் பின்னாலிருந்து பிடித்துச் சுவரில் மோதினான் தீபன். தடுக்க ஓடிவந்த மகளுக்கு உதடு கிழிந்து ஒரு பல் விழுந்தது.

மறுநாள் அவன் கிளம்பியதும் மோகனப்ரியா கிரீஸை பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்தெடுத்தாள். குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, துருவேறட்டும் என்று உருளைகளில் ஊற்றினாள். தினமும் ஊற்றினாள். பள்ளி விட்டதும் மகளை நேரே பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தாள்.

ஐந்தாம் நாள் ஷட்டர் அலறியது. மோட்டார் மாட்டுவதற்கு முன் ஷட்டரை இழுக்கப் பயன்பட்ட கொக்கிக் கம்பியைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னாடி, மறுக்கா கத்துது?" என்று கேட்டபடியே தீபன் உள்ளே நுழைந்தான்.

"அது கத்தி முட்ச்சிட்ச்சு. இப்ப நீ கத்து" என்று அவன் முட்டியைப் பார்த்துக் கம்பியை இறக்கினாள்.