ஐந்து புள்ளி பத்து

"முட்டியை மடக்கிக்கோடி. புடவைக்குள்ள யாருக்கும் தெரியாது."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அம்மா மகளுடைய இரண்டு தோள்களையும் பிடித்து அமுக்கினாள். நிரம்பிய பெட்டிக்குள் இன்னும் ஒரு துணியைத் திணிப்பவள் மாதிரி அமுக்கினாள். மகள் அமுங்குகிற ஜாதி இல்லை. தெருவில் அவளுக்கு 'ஒட்டடைக்கம்பு' என்று பெயர். அவளைப் பார்க்க இதற்கு முன் வந்தவர்களெல்லாம் காபியைக் குடித்துவிட்டு, அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள்தான். இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

"எவ்வளவு நேரம்மா மடக்கறது?"

"தாலி ஏறுற வரைக்கும்."

இந்தத் தடவை வந்திருந்தவன் அவளாகத் தேர்ந்தெடுத்தவன். இருவருக்கும் ஒரே திரைச்சீலைக் கடையில் வேலை. அவன் வீடு வீடாகப் போய் சன்னல்களை அளந்து வருவான். அவள் துணியை வெட்டித் தைத்து, ஏணியில் ஏறி மாட்டுவாள். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சன்னலுக்கு வெறுமனே 'நூற்றைம்பது' என்று எழுதிக் கொடுத்தான். அவன் நினைத்தது சென்டிமீட்டர். அவள் வெட்டியது இஞ்ச். ஒரு இஞ்ச்சுக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்றால் அந்தத் திரைச்சீலை என்ன ஆகியிருக்கும்! சன்னலில் தொடங்கி, தரையில் இறங்கி, சோபாவைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த வீட்டு நாய் அதன்மேல் சுகமாகப் படுத்துத் தூங்கியது. முதலாளி இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்துக் கத்தினார். ஒன்றாக நின்று திட்டு வாங்கியவர்களுக்கு அப்புறம் பிரிந்து நிற்க மனம் வரவில்லை.

அவன் அம்மா சம்மதித்துவிட்டாள். சாதி கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: பெண் பையனைவிட உயரமாக இருக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், "நல்லா இருக்காது" என்பாள். யாருக்கு நல்லா இருக்காது என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

முட்டியை மடக்கிக்கொண்டே பெண் தட்டோடு கூடத்துக்குள் வந்தாள். டம்ளர்களில் காபி அலை அடித்தது. அவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயும் அவன் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு பேரும் பக்கத்துல நில்லுங்க, பாப்போம்" என்றாள் அவன் அம்மா. ஐந்தடிகூட இல்லாத சிறுகூடான உருவம். ஆனால் அவள் குரலுக்குக் கூரை கிடையாது. "டேய், ஷூவைக் கழட்டு."

கழற்றினான். உள்ளே மடித்து மடித்து வைத்திருந்த பழைய செய்தித்தாள் எல்லாம் வெளியே வந்து விழுந்தது. உடனே அவன் நுனிக்காலில் எம்பினான். இவள் முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கினாள். அவன் எம்ப, இவள் இறங்க, இரண்டு பேரும் கிணற்று வாளி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அளந்துடலாம்" என்றார் அவனுடைய தாய்மாமா.

மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கால்குலேட்டர் இருக்கும். அந்தக் குடும்பத்தில் பெயர் வைப்பதிலிருந்து பாகம் பிரிப்பதுவரை அவர் பொத்தானை அழுத்திச் சொன்னதுதான் தீர்ப்பு. ஊரே அவரைக் கால்குலேட்டர் மாமா என்றது.

பையனுடைய பையிலிருந்த அளவு நாடாவை வாங்கி, பெண்ணின் அப்பா மகளைச் சுவரோடு நிற்க வைத்தார். சுவரில் முதுகு பட்டால் முட்டி மடங்காது. நாடாவைப் பார்த்து அவர் தயங்கித் தயங்கிப் படித்தார்.

"நூத்தி எழுபத்தெட்டு..."

"நூத்தி எழுபத்தெட்டா!" அவன் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என் பையன் வெறும் அஞ்சு சொச்சம்தானே!"

"அக்கா, அது சென்டிமீட்டர்" என்றார் மாமா. "நம்ம குடும்பத்துல யாரும் சென்டிமீட்டர்ல கல்யாணம் பண்ணினது இல்ல. அடியில சொல்லுங்க சம்பந்தி."

"அஞ்சு... பத்து."

அடுத்துப் பையன். "அஞ்சு ஒன்பது."

அவன் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு இஞ்ச். கட்டைவிரலின் அகலம். அதில் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்குகிறது. இதையெல்லாம் எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

"உக்காருக்கா" என்றார் மாமா. அவர் அழுத்தி முடித்திருந்தார். "அஞ்சு புள்ளி ஒன்பதுல அஞ்சு புள்ளி பத்து போனா, மிச்சம் பூஜ்யம் புள்ளி எட்டு. நம்ம பையன்தான் உசரம்."

எல்லோரும் சுவரோரம் நின்ற இருவரையும் பார்த்தார்கள். பெண்ணின் தலை பையனின் தலைக்கு மேலே தெளிவாகத் தெரிந்தது.

"பாத்தா அப்படித் தெரியலையே தம்பி" என்றாள் அக்கா.

"நீ கண்ணால பாக்குற. நான் கணக்கால பாக்குறேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பையன் இவளை ஓரக்கண்ணால் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. இவளும் திறக்கவில்லை. வெட்டுமேஜையில் தினமும் இஞ்ச்சோடு புழங்குகிறவளுக்கு இது தெரியாதா? தெரிந்தும் பேசாமல் நின்றாள். ஆசைப்பட்டவன் கிடைக்கிறான் என்றால் ஒரு தப்புக் கணக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் நினைத்தாள்.

ஆனால் அவன் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"குட்டைன்னு முடிவாயிடுச்சு. இனிமே குட்டையாத் தெரியணும்மா. தோளைத் தொங்கப்போட்டு நட. வெளியில போனா ரெண்டடி பின்னால வா. அப்புறம் அந்த ஏணி வேலையை விட்டுடு. அவன் கீழ நிக்க, நீ மேல நிக்கிறது நல்லா இருக்காது."

ஏணி என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. வேலையையும் நிமிர்ந்த முதுகையும் சேர்த்தல்லவா கேட்கிறாள்!

"மாமா, ஒரு அடிக்குப் பன்னெண்டு இஞ்ச்" என்றாள்.

பெண்ணின் அம்மா அவள் இடுப்பில் கிள்ளினாள். அவள் நிறுத்தவில்லை. "அஞ்சு ஒன்பது, அஞ்சு பத்து, அஞ்சு பதினொண்ணு, அப்புறம்தான் ஆறு அடி. நடுவுல புள்ளியே கிடையாது. நான்தான் ஒரு இஞ்ச் உசரம்."

பையன் ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு அவனும் நேராக நின்றான். "ஆமா மாமா. அவதான் உசரம். எனக்கு அது பிடிச்சிருக்கு."

மாமாவின் முகம் கறுத்தது. "ரூபாய்க்கு நூறு பைசா. மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். கிலோவுக்கு ஆயிரம் கிராம். உலகமே பத்துப் பத்தாப் போகுது. அடி மட்டும் பன்னெண்டா? பன்னெண்டு முட்டைக்குத்தாம்மா, மனுஷனுக்கு இல்ல."

"அப்ப நான் எவ்வளவு மாமா?"

"புள்ளிக்குப் பின்னால கடைசியில வர்ற பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாது. அஞ்சு புள்ளி பத்துன்னா அஞ்சு புள்ளி ஒண்ணு. நீ அஞ்சடி ஒரு இஞ்ச்."

"நாடாவைப் பாருங்க மாமா..."

"பொம்பளைப் புள்ள எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா?"

இனி அந்த அக்காவுக்கு இரண்டே வழி. பெண் சொல்வது சரியென்றால் தம்பி முட்டாள். தம்பி சொல்வது சரியென்றால் பெண் குட்டை. ஒரு ஆண்பிள்ளையின் கணக்கு ஒரு பெண்ணின் முன்னால் தப்பாவதைவிட, ஓர் அடியிலிருந்து இரண்டு இஞ்ச் காணாமல் போவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

"என் தம்பி கணக்கு தப்பாப் போனதே இல்ல" என்று முடித்துவிட்டாள். பெண்ணைக் கருணையோடு அண்ணாந்து பார்த்தாள். "உசரம் கொஞ்சம் கம்மிதான். பரவால்ல, நாங்க பொறுத்துக்கறோம். அதை மனசுல வெச்சுக்கிட்டு ஏங்காதே."

"சரி அத்தை" என்றாள் அவள். "ஆனா வேலையை விட மாட்டேன். இவ்வளவு குட்டையா இருக்கறவளுக்கு ஏணி இல்லாம எப்படி முடியும்?"

மாமா யோசித்தார். "அது நியாயம்தான்" என்றார்.

அத்தை தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். நிச்சயத்துக்கு அடையாளமாக மருமகள் கழுத்தில் போடக் கையை உயர்த்தினாள். கை அவள் தோள்வரைதான் போனது.

"கொஞ்சம் குனிம்மா."

"நான்தான் குட்டையாச்சே அத்தை, எதுக்குக் குனியணும்?"

அத்தை தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தார். கடைசியில் அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் ஏறினாள். நாற்காலி ஆடாமல் மாமா பிடித்துக்கொண்டார்.