ரத்துப் பொத்தான்

என் தம்பி கட்சுயாவை நம்பி நாலு லட்சம் யென்னைக் குடுத்தேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

என் மக சினாட்சுவுக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருந்துச்சு. சேர்க்கைக் கட்டணத்தை இன்னிக்கு மூணு மணிக்குள்ள பேங்க்ல கட்டியாகணும்; தவறினா இடம் அடுத்த ஆளுக்கு. சலூனை விட்டு நகர முடியலையேன்னு போன வாரமே இவன்கிட்ட குடுத்து கட்டச் சொன்னேன். இன்னிக்குக் கடை திறக்கும்போது பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறான்.

"அக்கா, அந்தப் பணத்தை ஆன்லைன் கேசினோவுல போட்டுட்டேன்."

கையில இருந்த ஈரத் துண்டாலயே நாலு சாத்து சாத்தினேன்.

"முழுசாக் கேளுக்கா! எல்லாம் திரும்ப வந்துடுச்சு. நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் இருக்கு. எடுக்கறதுக்குக் காலையில அஞ்சு மணிக்கே கேட்டுட்டேன். ஒரு மணிக்குள்ள என் கணக்குக்கு வந்துடும், உடனே கட்டிடலாம்."

ஒரு நோட்டை வேற நீட்டினான். பணத்தை இருபது பங்காப் பிரிக்கணும், ஒரு நாளைக்கு ஒரு பங்குக்கு மேல ஆடக் கூடாதுன்னு முத்து முத்தா எழுதியிருக்கான். மூணாம் நாளே ஏழு பங்கு காலி. அப்புறம் குருட்டாம்போக்குல வெச்சு மீட்டிருக்கான்.

"சைட்டைத்தான் தப்பாப் பிடிச்சுட்டேன்க்கா. நல்ல சைட்டுன்னா எடுக்கக் கேட்டதுமே பணத்தை ஆட முடியாதபடி பூட்டிடுவான். இவன் போனஸ் அள்ளித் தர்றானேன்னு சேர்ந்தேன். பணம் வர்ற வரைக்கும் 'ரத்து'ன்னு ஒரு பொத்தானைக் கண்ணு முன்னால காட்டிட்டே இருக்கான். அமுக்கினா பணம் மறுபடி ஆட்டத்துக்குப் போயிடும். போன வாரம் நாலு தடவை அமுக்கினேன். போனை நீயே வெச்சுக்கோ. காலைப் பிடிச்சாலும் குடுக்காதே."

போனைத் துண்டு சூடாக்குற பெட்டிக்குள்ள வெச்சு, பெட்டியை அணைச்சேன். பதினோரு மணிக்கு வந்தான். "ஒரே ஒரு தடவை பார்க்கறேன்க்கா." போடா நாயேன்னு விரட்டினேன். மாடிப்படியில உக்காந்து நகத்தைக் கடிச்சான். முடியைச் சுருட்டி பெர்ம் போட வந்திருந்த ஓகுபோ அம்மா, "உன் தம்பிக்குப் பல்வலியா?"ன்னு கேட்டாங்க. சிரிக்கவா முடிஞ்சுது எனக்கு!

பன்னிரண்டேகாலுக்கு அவங்க கிளம்பினதும், வந்துடுச்சான்னு பார்க்கப் போனை எடுத்தேன். பார்க்கத்தான், சத்தியமா.

'பரிசீலனையில்'னு இருந்துச்சு. கீழே சிவப்புல ரத்து. அதே திரையில பக்கத்துல ஒரு பொண்ணு பக்கரான்னு ஒரு சூதாட்டத்துக்குச் சீட்டு போட்டுட்டிருந்தா; சிவப்பு, நீலம்னு ரெண்டு பக்கம், எது ஜெயிக்கும்னு பணம் வெக்கணும். சிவப்பு ஏழு தடவை தொடர்ந்து வந்திருந்துச்சு. அடுத்தது நீலமாத்தானே வரணும்? யூனிஃபார்முக்கும் புத்தகத்துக்கும் இன்னும் பணம் வேணும். நாலு லட்சத்தைத் தொட மாட்டேன், மேல இருக்கற பன்னிரண்டாயிரம்தானே. நான் என்ன இவனை மாதிரியா? பதினஞ்சு வருஷமா ஒண்டியாக் கடை நடத்துறவ.

அமுக்கினேன். நீலத்துல பன்னிரண்டாயிரம். நீலமே வந்துடுச்சு!

அதோட நிறுத்திட்டு மொத்தத்தையும் எடுக்கக் கேட்டுட்டு மாடிப்படிக்கு ஓடினேன்.

"டேய், ஜெயிச்சுட்டேன்டா! ஒரே ஆட்டம், எழுந்து வந்துட்டேன். இதுதான்டா கட்டுப்பாடு!"

அவன் சிரிக்கலை. "ரத்து பண்ணினியா?"

"பண்ணிட்டு மறுபடி கேட்டுட்டேன்ல?"

"எத்தனை மணிக்கு?"

"இப்பத்தான். பன்னிரண்டரை."

தலையில கை வெச்சு உக்காந்துட்டான். "அவனுக்கு எட்டு மணி நேரம் வேணும்க்கா. காலையிலேர்ந்து வரிசையில நின்னு கிட்ட வந்தாச்சு. நீ நம்மளைக் கொண்டுபோய்க் கடைசில நிறுத்திட்டே."

ஓகுபோ அம்மாவுக்கு, மாமியாருக்கு, கடைக்கு வாடகை வாங்குறவருக்கு, எல்லாருக்கும் போன் போட்டேன். ரெண்டரை மணி நேரத்துல யாரு நாலு லட்சம் தருவா? கடிகாரம் மூணு அடிச்சப்போ நாங்க ரெண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துட்டு நின்னோம். எனக்கு அழுகைகூட வரலை.

ஆறு மணிக்கு சினாட்சு வந்தா. "கட்டியாச்சாம்மா?"

நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னால கட்சுயா முந்திக்கிட்டான். "கட்டலை. பணத்தை நான் சூதாடினேன். என் தப்பு."

"உன்னை மாமான்னு கூப்பிட்டதுக்கே வெக்கமா இருக்கு!"ன்னு அவ கத்தினா. அவன் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டான். நான் துண்டு மடிச்சுக்கிட்டே நின்னேன், ஒரு வார்த்தை பேசலை.

எட்டரைக்குப் பணம் வந்துச்சு. ஒரு யென் குறையலை.