தீபம் தெரியும் பால்கனி

மலைமேல் தீபம் ஏற்ற இன்னும் இருபத்தெட்டு மணி நேரம் இருந்தது. செங்கம் ரோட்டில் குமரேசன் சார் நடத்தும் விடுதியின் இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து அதைப் பார்க்க நாற்பது பேர் முன்பணம் கட்டி இடம் பிடித்திருந்தார்கள்.

"எத்தனை பேர் நிக்கலாம்னு பாத்து, அவர்கிட்ட சொல்லிட்டு வந்துடு" என்று வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் இன்ஜினியர் என்னை அனுப்பியிருந்தார். நான் பி.எஸ்சி. இயற்பியல். பார்ப்பது எனக்குச் சுலபம். சொல்வதுதான் வராது.

முதலில் தெருவில் நின்று பால்கனியின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சிமெண்ட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. பிறகு மேலே போய், அது சுவரோடு சேரும் இடத்தைப் பார்த்தேன். அங்கே நீளமாகக் காவிப் பட்டை அடித்துக் கோலம் போட்டிருந்தார்கள். காவிக்கு அடியில் ஒரு விரிசல். என் ஸ்கேல் அதற்குள் இரண்டு அங்குலம் இறங்கியது.

அங்கே ஒருவர்கூட நிற்கக் கூடாது. நான் அறைக்குள் வந்து வாசற்படியில் நின்றுகொண்டேன்.

"பாத்தியாம்மா, கல்லு மாதிரி இருக்கு" என்று குமரேசன் சார் பால்கனிக்குப் போய்க் குதிகாலால் தரையை இடித்தார்.

"சார், கொஞ்சம் சந்தேகமா இருக்கு."

"சந்தேகமா? உண்ணாமலை, இங்க வா."

அவர் மனைவி கரண்டியோடு வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"இவளையே தாங்குது. வேற என்னம்மா வேணும்?"

"ஆமா, நீங்க பஞ்சு" என்றார் அந்த அக்கா.

"அக்கா, நீங்க உள்ள வந்தீங்கன்னா..."

"வாய்க்குள்ளயே பேசுறியே கண்ணு. சத்தமா சொல்லு."

"கட்டுன ஆளே கீழதான் சுண்ணாம்பு அடிச்சிட்டிருக்காரு" என்றார் சார். "காசி, மேல வாய்யா."

காசி மேஸ்திரி பால்கனிக்கு வந்தார். கூட வேலை செய்த இரண்டு பெண்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து அறை வெள்ளைக்காரர் தியான மெத்தையோடு வந்து, பால்கனியின் வெளி ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணு வருஷமா அங்கயேதான் உக்கார்றாரு. ஒண்ணும் ஆகல" என்றார் சார்.

"கம்பி கம்மின்னு சொல்லுதா இந்தப் பொண்ணு?" காசி மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு கம்பிகூட கம்மி பண்ணல. சொல்லப்போனா ஜாஸ்தி." நிரூபிக்க ஒரு குதி குதித்தார்.

தெருவிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் கத்தினார். "யோவ், மேலருந்து என்னய்யா உதிருது?"

"சுண்ணாம்பு அடிக்கிறோம்" என்று குமரேசன் சார் எட்டிப் பார்த்துப் பதில் சொன்னார்.

உண்ணாமலை அக்கா என் பக்கம் திரும்பினார். "நாங்க எல்லாரும் இங்க நிக்கிறோம். நீ மட்டும் ஏன் கண்ணு வாசப்படியிலயே நிக்கிற? இங்க வந்து சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கூட ஒரு கண்ணைத் திறந்தார். மேஸ்திரி இன்னொரு முறை குதிக்க முட்டியை மடக்கினார். அப்போது என்னிடமிருந்து ஆட்டோக்காரருக்கும் கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"கம்பி ஜாஸ்திதாங்க. எல்லாத்தையும் அடிப்பக்கமா போட்டிருக்கீங்க. பாரம் ஏறினா மேல்பக்கம்தான் பிளக்கும், அங்க போட்டிருக்கணும். யாரும் குதிக்காம, ஒவ்வொருத்தரா மெதுவா உள்ள வாங்க. இது விழப்போகுது."