கருகிய சர்க்கரையின் வாசம்

குழந்தை பிறந்த நான்காம் நாள் காலை, ஈரத் துணியை மாற்றும்போது அவளுக்கு அந்த வாசம் வந்தது. அடுப்பில் வைத்த சர்க்கரை பாகாகி, பொன்னிறம் தாண்டி, கருகத் தொடங்கும் நொடியில் எழும் வாசம். பதினோரு வருடம் பேக்கரியில் வேலை பார்த்தவள். அந்த நொடியைத் தவறவிட்டால் ஒரு பாத்திரம் முழுக்க வீண் என்பதால், கண்ணைவிட மூக்கை நம்பிப் பழகியவள். துணியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்து மோந்தாள். பிறகு தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காதோரம் குனிந்தாள். அங்கேயும் இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

மூன்று வருடம் முன்பு மூத்தவளிடமும் இதே வாசம் இருந்தது. பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தவள், மூன்றாம் நாளிலிருந்து பால் குடிப்பதையே மறந்துபோனவள்போலத் தூங்கிக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். கிருமித் தொற்று என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வாசத்தைப் பற்றி அப்போதே அவள் நாத்தனாரிடம் சொல்லியிருந்தாள். “பேக்கரி வாசனைதான் உன் உடம்புலயே ஊறிக் கிடக்கே. உன் கையை மோந்து பாரு” என்றாள் நாத்தனார். மோந்து பார்த்தாள். கையிலும் சர்க்கரை மணப்பதுபோலத்தான் இருந்தது. பிரசவத்துக்கு முந்தின வாரம் வரை வேலைக்குப் போனவளின் கை அல்லவா? அன்றிலிருந்து சொந்தக் கைமேலேயே அவளுக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. அடுப்புச் சூட்டில் நின்றதாலா, மாவு மூட்டையைத் தூக்கியதாலா என்று வேலையில் இருக்கும்போதே யோசனை ஓடும். கணவன் ஒரே ஒரு முறை, ஏதோ சண்டையின் நடுவில், “அப்பவே வீட்டுல இருன்னு சொன்னேன்ல” என்றான். பிறகு ஒருநாளும் அதை அவன் எடுக்கவில்லை. ஒரு முறை சொன்னதே மூன்று வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த முறை கரு தரித்தது தெரிந்த அன்றே அவள் வேலையை விட்டாள். ஏழு மாதமாக பேக்கரிப் பக்கம் போகவில்லை. வீட்டு அடுப்பைக்கூட நாத்தனார்தான் பார்த்துக்கொண்டாள்.

“முதலாளி இன்னும் எழுந்திருக்கலையா?” என்று கேட்டபடி கணவன் உள்ளே வந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலைக்குக் கிளம்பி, கருவிப் பையைத் தோளில் மாட்டியிருந்தான். பிறந்த அன்று எல்லோரையும் ஓட ஓட வேலை வாங்கியதால் மகனுக்கு அவன் வைத்த பெயர் முதலாளி.

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். “முதல்ல என் கையை மோந்து பாருங்க.”

“என்னாச்சு?”

“பாருங்க.”

குனிந்து மோந்தான். “சோப்பு வாசனை.”

“இப்ப இந்தத் துணியை.”

துணியை மூக்கருகே கொண்டுபோனவன் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. மூத்தவளிடம் அந்த வாசத்தை அன்றைக்கே அவனும் உணர்ந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பையை இறக்கிவைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் பெண் டாக்டர் நல்லவள்தான். ஆனால் ஒரே ஆளாகப் பதினாறு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது. பாதத்தைச் சுண்டினால் பூனைக்குட்டிபோல ஒரு முனகல். கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்து, சிறுநீர் பிடிக்கப் பை ஒட்டி, மருந்து ஏற்றச் சொன்னாள்.

“ரத்தத்துல கிருமி இருக்கான்னு வளர்த்துப் பாக்கணும். ரெண்டு நாள் ஆகும்மா.”

“மூத்தவளுக்கும் இதேதான் சொன்னாங்க டாக்டர். ரெண்டு நாள் கழிச்சு கிருமி எதுவும் வளரலன்னாங்க. அதுக்குள்ள அவளுக்கு மூச்சே நின்னுடுச்சு. காகிதத்துல மட்டும் தொற்றுன்னே எழுதிட்டாங்க. வாசம் வருது, ஒரு தடவை மோந்து பாருங்க.”

“மருந்து வாசனைகூட அப்படி இருக்கும்மா. முதல்ல தொற்றைக் கவனிப்போம்” என்று சொல்லும்போதே அடுத்த கட்டிலிலிருந்து கூப்பிட்டார்கள். டாக்டர் ஓடினாள்.

அவள் கணவனைக் குழந்தையிடம் உட்காரவைத்தாள். பிரசவத் தையல் சுண்டியிழுக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிக் கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்த ஈரத் துணி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மூக்குச் சிவந்த, வயதில் மூத்த லேப் அம்மா ஒருத்தர் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க.”

லேப் அம்மா அவளையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த கணம் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். “நல்ல ஆளைப் பிடிச்சே போ. நாலு நாளா ஜலதோஷம். காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியல. என்ன வாசனைன்னு நீயே சொல்லு.”

“சர்க்கரை கருகுற வாசம். குழந்தையோட மூத்திரத்துல. காதுலயும் இருக்கு.”

சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. “பொறந்து எத்தனை நாள்?”

“நாலு. பால் குடிக்கல. இதுக்கு முன்னாடி ஒண்ணு போயிடுச்சு. அதுக்கும் இதே வாசம்.”

லேப் அம்மா தாங்கியில் இருந்த சிறுநீர்க் குழாய்களைத் தள்ளிப் பார்த்து, சற்று முன் மேலேயிருந்து வந்திருந்த அவள் குழந்தையின் குழாயை உருவினார். “என் மூக்குக்குச் சளி பிடிக்கும். கெமிக்கலுக்குப் பிடிக்காது” என்றபடி உள்ளே போனார். மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக வைத்திருந்த பழுப்புப் புட்டி ஒன்றை அலமாரியின் பின்வரிசையிலிருந்து தேடி எடுத்துவந்தார். அதிலிருந்து தெளிந்த மஞ்சள் கரைசலைக் குழாயில் ஊற்றி ஜன்னலருகே பிடித்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தெளிவாக இருந்தது மெல்ல மெல்லக் கலங்கி, கஞ்சிபோலத் திரண்டது.

“இது கலங்கக் கூடாதாம்மா?”

லேப் அம்மா போனில் மேலே இருந்த டாக்டரைக் கூப்பிட்டார். “குழந்தைக்குப் பாலை நிறுத்துங்க. தாய்ப்பால்கூட வேணாம். குளுக்கோஸ் ஏத்துங்க. ஆமா, நான் பொறுப்பு. நீங்க கீழே வந்து பாருங்க, இல்ல நான் மேலே கொண்டாரேன்.” போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “நீ சொன்னது சரிதாம்மா. புரதம் சரியா உடையாம மூத்திரத்துல வந்தாத்தான் இது கலங்கும். இங்க நிக்காதே, மேலே போ. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வரும்.”

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்பினார்கள். இரண்டு நாள் அது ஓடியது. இளம் டாக்டர் தன் வேலை முடிந்ததும் அங்கே வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டு, “மோந்து பாத்திருக்கணும் நான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் மத்தியானம் முதலாளி கண் திறந்தான். விளக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். கணவன் அந்தச் சுளிப்பைப் பார்த்துவிட்டு வெளியே போய், வராந்தாவில் சுவரோடு சுவராக நின்று அழுதான்.

மரபணு டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, அவசரப்படாமல் சொன்னார். பாலில் இருக்கும் புரதத்தை உடம்பு துண்டு துண்டாக்கிப் பயன்படுத்துகிறது. அதில் மூன்று வகைத் துண்டுகளை மேற்கொண்டு உடைக்க ஒரு நொதி வேண்டும். இவனிடம் அது வேலை செய்யவில்லை. உடையாமல் தேங்குவதுதான் மூளையை மயக்குகிறது. அதில் ஒன்றுதான் அந்த வாசமாக வெளியே வருகிறது.

“நான் அடுப்புப் பக்கத்துல வேலை பார்த்தது...” என்று அவள் தொடங்கினாள்.

“அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. அந்த நொதியைச் செய்யுற குறிப்பு எல்லாருக்கும் ரெண்டு பிரதி இருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு சரியா இருக்கு, ஒவ்வொண்ணுல பிழை. ஒண்ணு சரியா இருந்தாலே போதும், அதனால உங்களுக்கு ஒண்ணும் தெரியல. பிழையான ரெண்டும் ஒரே குழந்தைகிட்ட போய்ச் சேர்ந்தா இப்படி. ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு.”

“நாங்க சொந்தத்துல கட்டலையே?”

“அப்படியும் அமையும். அபூர்வமா.”

“அப்போ மூத்தவளுக்கு?”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “இப்ப சோதிச்சுப் பாக்க வழியில்லம்மா. ஆனா அதுவாத்தான் இருக்கணும்.”

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவளுக்கு நிம்மதியும் ஆற்றாமையும் ஒன்றாக வந்தன. கை குற்றம் செய்யவில்லை. ஆனால் அன்றைக்கு மூத்தவளுக்கும் ஒருத்தர் இப்படி ஒரு குழாயை ஜன்னலருகே பிடித்துப் பார்த்திருந்தால்? கணவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். எண்ணெய்க் கறை படிந்த அவன் விரல்கள் சில்லென்றிருந்தன.

“பாதி என்னோடது” என்றான்.

“என்ன?”

“டாக்டர் சொன்னார்ல. பாதி என்னோடது. மூணு வருஷமா முழுசையும் உன் தலையில சுமக்க விட்டுட்டேன்.”

அன்று மாலை நாத்தனார் வந்தாள். விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை முறுக்கியபடி நின்றாள். “உன் கையை மோந்து பாருன்னு சொன்னவ நான்தானே” என்றாள்.

“யாருக்கும் தெரியலையே அண்ணி. உட்காருங்க.”

முதலாளிக்கு அந்த மூன்று துண்டுகளும் இல்லாத மருந்துப் பால் தொடங்கினார்கள். வாழ்நாள் முழுக்கச் சாப்பாட்டை அளந்துதான் கொடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் ஓடிவர வேண்டும் என்றார்கள். அவள் தலையாட்டினாள். நாள் தவறாமல் பாலைக் கறந்துகொண்டும் இருந்தாள். சுரப்பது நின்றுபோக அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். கறந்ததை நர்ஸ் தொட்டியில் கொட்டும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

பதினேழாம் நாள் ரத்த அறிக்கையோடு மரபணு டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். “இப்ப அளவு ரொம்ப இறங்கிடுச்சு. அந்தத் துண்டுகளை உடம்பால தானா செய்ய முடியாது. சுத்தமா இல்லாமப் போனா குழந்தை வளராது. கொஞ்சம் குடுத்துத்தான் ஆகணும்.” அவள் பக்கம் திரும்பினார். “உங்க பாலையே குடுக்கலாம். இன்னிக்கு முப்பது மில்லி. ஒரு சொட்டு கூடாம. நாளைக்கு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, மேல ஏத்தலாமா வேண்டாமான்னு சொல்றேன்.”

அவள் கறந்தாள். நர்ஸ் ஊசிக் குழாயில் உறிஞ்சி, கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோய்ச் சரிபார்த்து, சிறு புட்டியில் விட்டாள். கணவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். மடியில் கிடந்த முதலாளி ரப்பர் காம்பை முதலில் நாக்கால் தள்ளினான். மருந்துப் பாலின் கசப்புக்குப் பழகிய நாக்கு. பிறகு ஒரு துளி உள்ளே இறங்கியது. அசைவு நின்றது. கண்கள் அகலத் திறந்து அவள் முகத்தில் வந்து நின்றன. நெற்றி சுருங்கியது, ஏதோ கணக்குப் போடுகிறவன்போல. அடுத்த நொடி இரண்டு கைகளாலும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, கன்னம் குழிய, சத்தத்தோடு பாலை இழுக்கத் தொடங்கினான். புட்டியில் பாலின் வெள்ளைக் கோடு சீராக இறங்கிக்கொண்டிருந்தது.