முதுகுத் தையல்

கோட்டைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டு, காலருக்குக் கீழே கத்தரிக்கோலை வைத்துவிட்டான் தேசப்பன். இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் வால்டரின் கல்யாணக் கோட்டு முதுகோடு பிளந்திருக்கும். வால்டரின் மனைவி பிலோமி கையை நீட்டிக் கத்தரியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா பண்ற?”

“வெட்டறேன்க்கா. வெட்டாம எப்டி மாட்றது? கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணன் நல்லா ஊதிட்டாரு இல்ல.”

தேசப்பன் ராயபுரத்துச் சவப்பெட்டிக் கடையில் இருபது வருஷமாக இருப்பவன். செத்தவர்களுக்கு உடுத்திவிடுவதில் அந்தத் தெருவில் அவனை மிஞ்ச ஆளில்லை. கோட்டை முதுகில் மேலிருந்து கீழ்வரை வெட்ட வேண்டியது. இரண்டு பாதியையும் முன்பக்கமாகக் கையில் செருகி, ஓரங்களை உடம்புக்கு அடியில் தள்ளிவிட வேண்டியது. பத்து நிமிஷ வேலை. முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு ஆள் மாப்பிள்ளை போல இருப்பார். பெட்டிக்குள் படுத்தவன் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

“தெரியாத எடம்தானேக்கா.”

“தெரியாத எடம்னா வெட்டிடுவியா?”

சொன்ன பிறகுதான் பிலோமிக்கு அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. இருபது வருஷமாக, அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, ஹாலில் வால்டர் போனில் யாரையாவது இதற்குத்தான் திட்டிக்கொண்டிருப்பார். முதுகை வெட்டி ஊசி குத்தி வைக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா என்பார். வேறு பிழைப்பே இல்லையா இந்த மனுஷனுக்கு என்று அவள் வெங்காயத்திடம் சொல்வாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் வால்டர். வீட்டுக்கு வந்தால் சிப்பாய்களோடு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொருவனும் ஒரு அடி உயரம், நிஜ மனிதனில் சரியாக ஆறில் ஒரு பங்கு. உடம்பை ஒரு நாட்டிலிருந்தும் தலையை இன்னொரு நாட்டிலிருந்தும் வரவழைப்பார். முகத்துக்கு மறுபடி வண்ணம் தீட்டுவார். சட்டை, கால்சட்டை, தோள்வார், தண்ணீர்க் குப்பிக்கு உறை எல்லாம் கையாலேயே தைப்பார். அவரைப் போலவே சிப்பாய் செய்கிற இளசுகள் சட்டை முதுகை வெட்டி மாட்டினால்தான் போனில் அந்தத் திட்டு. வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கம் போனால் சாலையோரத்துச் சாம்பலை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளிக்கொண்டு வந்து பூட்ஸில் தடவுவார். நடந்து களைத்த பூட்ஸாம். அப்படி அறுபது பேர் ஹாலில் ஒரு சுவர் முழுக்க நின்றார்கள். இங்கிருந்து பர்மாவுக்கும் எகிப்துக்கும் போய்ச் சண்டை போட்ட, பெயர் தெரியாத சிப்பாய்களைத்தான் அவர் அதிகம் செய்தார்.

நேற்று மதியம் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். ஐம்பத்தேழு வயது.

அவருடைய அண்ணன் ஜெரி வாசல்படியில் வந்து நின்றார். சர்ச்சின் பங்குப் பேரவையில் இருப்பவர், எதையும் நேரத்துக்கு நடத்துகிறவர். “இன்னா லேட்டு? மூணு மணிக்கு ஃபாதர் வூட்டுக்கு வர்றாரு. நாலுக்குப் பூசை.”

“கோட்ட வெட்டவாணாம்னு அக்கா சொல்லுது,” என்றான் தேசப்பன்.

“வெட்டாம? அவன் நெஞ்சு நாப்பத்தி நாலு, இது முப்பத்தி எட்டு. விளையாடறியா பிலோமி?”

“நான் தைச்சிப் போட்றேன் மாமா.”

“மணி பதினொண்ணு ஆவுது.”

“தெரியும்,” என்று கோட்டை எடுத்துக்கொண்டு அவள் ஹாலுக்குப் போனாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் சட்டை தைத்தவள். முப்பத்தெட்டை நாற்பத்தி நாலாக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹாலில் ஜெபமாலை சொல்லப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரைப் பார்த்ததும் பிலோமி நின்றுவிட்டாள். அலமாரி முழுக்கப் பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடியிருந்தது. மேலே இரண்டு ஆணி அடித்து, பக்கங்களில் கயிறு கட்டி, நேர்த்தியாக மூடியிருந்தார்கள்.

“யாரு மூடினது?”

“நான்தான்,” என்றார் பின்னாலேயே வந்த ஜெரி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஃபாதர் வர்றாரு, பேரவைக்காரங்க வர்றாங்க. இம்மாம் வயசு ஆம்பள பொம்மைக்கு சட்டை தைச்சுகினு கெடந்தான்னு இன்னிக்கு ஒரு நாளாவது யாரும் பேசவாணாம். ஹார்பர்ல அவனுக்கு இன்னா பேரு தெரியுமில்ல? பொம்மை வால்டர். என் காதுபடவே சொல்லுவானுங்க. நான் கேட்டுகினு நிப்பேன்.”

“நானுந்தான் பொம்மைன்னு சொல்லிக்கீறேன்.”

“அதான் சொல்றேன்.”

“நான் சொல்லுவேன் மாமா. கூடக் குடும்பம் பண்ணவ. நீங்க சொல்லக்கூடாது.”

விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஆணி ஒன்று தெறித்துப் பாயில் விழுந்தது. அறுபது சிப்பாய்களும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். விரிப்பை மகள் ஜானட்டிடம் எறிந்து, “போயி டாடிக்குப் போத்து, ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுத்த உடம்பு,” என்றாள். பாயில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோட்டின் நடுமுதுகுத் தையலைப் பிளேடால் பிரித்தாள். அக்குளிலும் கொஞ்சம் பிரித்துவிட்டாள். இனி நடுவில் வைக்க ஒரு துண்டுத் துணி வேண்டும். கறுப்பில் வீட்டில் ஒன்றும் இல்லை. அவளுடைய ஒரே கறுப்புப் புடவை உடம்பில் இருந்தது. கடைக்கு ஆளை அனுப்பினால் திரும்பி வருவதற்குள் ஃபாதர் வந்துவிடுவார். வால்டரின் மேஜைக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை அவள் திறந்ததில்லை.

உள்ளே ராணுவப் பச்சைத் துணி ஒரு சுருள் இருந்தது. மெல்லிய நெசவு. சாதாரணத் துணியைச் சின்ன ஆளுக்குப் போட்டால் சாக்கு உடுத்தியது போல இருக்கும் என்று இதைத் தேடி எங்கெங்கோ அலைந்திருக்கிறார். இரட்டையாக மடித்தால் தாங்கும் என்று விரலால் இழுத்துப் பார்த்தாள். சுருளுக்கு அடியில் பாதியில் விட்ட ஒரு குட்டிச் சட்டை கிடந்தது, கை வைக்காதது. எடுத்தாள். கம்பெனியில் எந்தச் சட்டையை எடுத்தாலும் முதலில் உள்பக்கம் பார்ப்பது வழக்கம். திருப்பினாள்.

முதுகில் இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, பிசிறு உள்ளேயும் தெரியாதபடி இரட்டைத் தையல் போட்டிருந்தது. அரிசி அகலம்கூட இல்லாத மடிப்பு. அது கம்பெனியில் அவள் தினம் ஐந்நூறு முறை போட்ட தையல். கடைசியில் நூலை இரண்டு தரம் பின்னோக்கி எடுத்து அறுப்பது அவளுடைய கைப்பழக்கம், சூப்பர்வைசர் திட்டியும் மாறாதது. அதுவும் அப்படியே இருந்தது.

கம்பெனியிலிருந்து அவள் கொண்டுவந்த ரிஜெக்ட் சட்டைகள் வீட்டில் அவ்வப்போது காணாமல் போனது ஏன் என்று இப்போது புரிந்தது. கல்யாணமான புதிதில் ஒரு தரம் கேட்டார், ஒரே ஒரு காலர் தைத்துத் தருவாயா என்று. பொம்மைக்கெல்லாம் நான் தைக்க மாட்டேன் என்று துணியை அவர் முகத்தில் வீசினாள். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா பாவி, என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை அந்த ஆத்திரத்தோடு வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் ஜெபமாலை நின்றது. “சாவு வூட்ல மெஷின் ஓட்டுவாங்களா?” என்றாள் ஜெரியின் மனைவி. “பொணத்த வெச்சுகினு இன்னா இது.”

“நீங்க ஜெபமாலை சொல்லுங்கக்கா. நான் பதில் சொல்றேன்,” என்றாள் பிலோமி, தலை நிமிராமல்.

பிறகு ஒரு கிழவி அருள் நிறைந்த மரியே என்று எடுத்தாள். புனித மரியே, இறைவனின் தாயே என்று பிலோமி எல்லாரையும்விட உரக்கப் பதில் சொன்னாள். கால் மிதியை விடவில்லை. கறுப்புக் கோட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பட்டை இறங்கியது. அரைகுறையாக ஓட்டிவிட்டிருந்தால் ஒரு மணிக்கே முடிந்திருக்கும். அவள் அந்த இரட்டைத் தையலைத்தான் போட்டாள். ஒரு இடத்தில் கோணியதைப் பிரித்து மறுபடி போட்டாள். ஜெரி நாலு தரம் வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டேகாலுக்குக் கோட்டை உள்ளே கொண்டுபோனாள். தேசப்பன் அதை வாங்கி விரித்துப் பார்த்தான். “தைச்சிட்டீங்க, சரி. கை மடங்காதேக்கா. பின்னால எப்டி வுடறது?”

“டாடி பின்னால வுட மாட்டாரு,” என்றாள் ஜானட். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது. “முன்னாலேர்ந்து ரெண்டு கையையும் ஒண்ணா வுட்டுட்டு, கையைத் தூக்கி, தலைக்கு மேல கோட்டைப் பின்னால தள்ளுவாரு. மூட்டு டைட்டா இருந்தா சுடுதண்ணி.”

தேசப்பன் அவளைப் பார்த்தான். தொழிலில் இல்லாத பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்ற பார்வை. அப்பா சிப்பாய்களுக்கு மாட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து தோளில் வைத்தார்கள். தேசப்பன் பொறுமையாகப் பிடித்துவிட்டான். மூன்றாம் துண்டில் தோள் இளகியது. கைகள் மேலே போயின. வால்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சட்டை போட நிற்கும் பிள்ளையைப் போல இருந்தார். கோட்டு தலையைத் தாண்டி முதுகில் இறங்கி உட்கார்ந்தது. பிலோமி முன்பட்டனைப் போட்டாள், இழுபறி இல்லாமல் பூட்டிக்கொண்டது.

பெட்டியை ஹாலில் வைத்தபோது மூன்றாக ஐந்து நிமிஷம். அப்போதுதான் பெரம்பூரிலிருந்து லுப்னா வந்தாள், கையில் ஹெல்மெட்டோடு. கூட இரண்டு பையன்கள். சிப்பாய் செய்து வால்டரிடம் போனில் திட்டு வாங்கியவர்கள் இவர்கள்தான் என்று பிலோமிக்குப் பெயர் கேட்டுத் தெரியும். லுப்னா அலமாரியைப் பார்க்கவில்லை. வால்டரின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவள் பார்வை தோளில் நின்றது.

“ஆன்ட்டி, கோட்ட வெட்டலியா?”

“உனக்கு எப்டித் தெரியும்?”

“வெட்டினா தோள் இப்டி உக்காராது.” சுற்றியிருந்தவர்களை ஒரு தரம் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். “நாங்க புதுசா சிப்பாய் செஞ்சு எடுத்துகினு போனா அங்கிள் அதோட மூஞ்சியைப் பாக்கவே மாட்டாரு. மொதல்ல திருப்பி முதுகத்தான் பாப்பாரு. அதுக்கப்புறந்தான் பேச்சு. எங்க எல்லாருக்கும் அதே பழக்கம் வந்துடுச்சு. நான் கேக்கறது தப்பா இருந்தா...”

“தப்பில்ல,” என்றாள் பிலோமி. “பாரு.”

“இன்னா பாக்கறது?” என்றார் ஜெரி. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. “ஃபாதர் வந்துட்டாரு, பிலோமி.”

“ஒரு நிமிஷம் நிக்கட்டும்.”

அவள் பெட்டிக்குள் குனிந்து கணவரின் இடது தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். தூக்கினாள். வால்டர் அசையவில்லை. பாயில் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஃபாதர் வாசல்படியில் புத்தகத்தோடு நின்றார். தேசப்பன் நகர்வதற்குள் ஜெரி வந்து மறுபக்கம் குனிந்தார். தம்பியின் வலது தோளுக்கு அடியில் கையைச் செருகினார்.

வால்டர் எழுந்து உட்காருகிறவர் போல மெல்ல மேலே வந்தார். பச்சைப் பட்டை காலரிலிருந்து இடுப்பு வரை நேராக இறங்கியிருந்தது. அறையில் எல்லாரும் பார்த்தார்கள். லுப்னா ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலிட்டாள். பையன்கள் இருவரும் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார்கள். அவள் காலரில் தொடங்கி, தையலோடு கண்ணை அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டு வந்தாள்.

“மெதுவா பாரு,” என்றாள் பிலோமி.

ஜெரியின் கைகள் பாரத்தில் நடுங்கத் தொடங்கின. இறக்கலாமா என்று அவர் கேட்கவில்லை.