மரம் வளரும் வரை

தஸ்லிமாவின் வீட்டுக்குப் பின்னால், நீச்சல் குளத்தைச் சுற்றி நட்ட பதினாறு பேரீச்ச மரங்களும் முதல் வருடத்திலேயே இரண்டு சாண் குட்டையாகிப் போயின. பட்டுப்போகவில்லை, சாயவில்லை, ஒரு மட்டைகூடக் காயவில்லை. உயரம் மட்டும் குறைந்தது. ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஆற்றோரமாக இருக்கும் அந்த ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருடம் மழையும் குறைவு, வாழைத்தாரும் குறைவு, மரமும் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள். தஸ்லிமாவால் அப்படி விட முடியவில்லை. அந்த மரங்கள் வளர்ந்து மறைவு கட்டிய பிறகுதான் அவள் தன் வீட்டுக் குளத்தில் கால் வைக்கலாம் என்று அவளுடைய மாப்பிள்ளை நூகு சொல்லியிருந்தான்.

தன் வீடு என்பதை அழுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவிடமிருந்து மகளுக்கு வரும். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிவர வேண்டும். நூகுவும் அப்படி வந்தவன்தான். துபாயில் இருபத்திரண்டு வருடம் துணிக்கடையில் இருந்துவிட்டு 2017-இல் ஊர் திரும்பியவன், மூன்றாவது மாதம் அவளுடைய உம்மா வைத்த மாதுளையையும் நாவலையும் வெட்டிச் சாய்த்துப் பின்வாசலில் முப்பதடி நீளத்துக்குக் குழி தோண்டினான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, அவள் கையைத்தான் யாரும் கேட்கவில்லை. அப்படியும் தஸ்லிமா கோபப்படவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதே என்று உள்ளபடியே சந்தோஷப்பட்டாள். பன்னிரண்டு வயதில், பெண்கள் படித்துறையில் இறங்கினால் அக்கரை மணலைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்காமல் திரும்புவாள். பெரிய மனுஷி ஆன மறுநாளிலிருந்து ஆறு அவளுக்குப் பாலத்தில் போகும்போது பஸ் ஜன்னலில் தெரியும் ஒரு பொருளாகிவிட்டது.

என்ன மரம் வைப்பது என்று முடிவு செய்ய மூன்று ஆண்கள் நான்கு மாலைகள் உட்கார்ந்தார்கள்: நூகு, அவனுடைய தம்பி அம்மார், குளம் கட்டிய இன்ஜினியர் சத்தியநேசன். மரம் இலை உதிர்க்கக் கூடாது, தண்ணீரில் குப்பை சேரும். பூக்கக் கூடாது, தேனீ வரும். காய்க்கக் கூடாது, குருவி வந்து எச்சம் போடும். வேர் ஓடக் கூடாது, தளம் வெடிக்கும். ஆனால் பக்கத்து வீட்டு சேக் முகம்மதுவின் மாடியிலிருந்து பார்த்தால் குளம் தெரியாத அளவுக்கு வளர மட்டும் வேண்டும். இதையெல்லாம் சுவரிடம்தான் கேட்க முடியும், மரத்திடம் கேட்க முடியாது. சுவரை உயர்த்தினால் வெளிநாட்டுக் களை போய்விடும் என்று சத்தியநேசன் சொல்லிவிட்டார். கடைசியில் நூகுவுக்குத் துபாய் ஞாபகம் வந்து, பேரீச்சையே இருக்கட்டும் என்றான். அந்த நான்கு மாலையும் தேநீரும் வாடாப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தவளைப் பார்த்து, உனக்கு எந்த மரம் பிடிக்கும் என்று ஒரு பேச்சுக்குக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

நட வந்தவள் நாற்றுப்பண்ணை முத்துராணி. அவள் குடும்பத்தில் மரத்துக்கு வேலை சொல்லித்தான் நடுவார்கள். நிழலுக்கு, காய்க்கு, வேலிக்கு என்று எதற்கு நடுகிறார்களோ அதை, வைக்கச் சொன்னவர் வாயாலேயே தூரில் குனிந்து சொல்ல வேண்டும். முத்துராணி நூகுவைக் கூப்பிட்டாள். அம்மார் கையில் போனை வைத்துக்கொண்டு, படம் எடுக்கணும், மரத்தோடெல்லாம் பேசிக்கிட்டிருக்க நேரமில்ல, சீக்கிரம் மண்ணைத் தள்ளு என்றான். படம் நன்றாகவே வந்தது.

அன்றே ஆண்கள் குளத்தில் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு மறைவு தேவையில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நூகுவின் பழைய சிநேகிதர்கள் வந்தார்கள், பிறகு சிநேகிதர்களின் சிநேகிதர்கள். ஊரில் பாதி ஆண்களின் தொப்பையை அந்த நீல ஓடுகள் பார்த்துவிட்டன. தஸ்லிமா துண்டு மடித்தாள், பொரித்தாள், குளோரின் வாடை பிடித்த கைலிகளை அலசினாள். பள்ளிவாசல் ஆலிம்சாவின் மனைவியிடம், பெண்கள் நீந்தலாமா என்று கேட்டனுப்பினாள். மறைவு இருந்தால் தாராளமாக நீந்தலாம், நல்ல காரியம்தானே என்று ஆலிம்சா சொல்லியனுப்பினார். அதை அவள் சொன்னபோது நூகு, அதத்தான் நானும் சொல்லுதேன், மரம் வளரட்டும் என்றான். அவன் வாயை மூடுமுன் பதினாறு மரங்களும் ஒரு விரல்கடை இறங்கின. தண்ணீர் பாய்ச்ச வாரம் ஒரு முறை வந்த முத்துராணிதான் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து அதைக் கண்டுபிடித்தாள். மரம் வளரட்டும் என்று வீட்டில் எத்தனை முறை சொன்னார்களோ அத்தனை விரல்கடை. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

ஆண்கள் இதை நம்பாமலில்லை. சொல்லுவதை நிறுத்துவதற்குப் பதிலாக மரத்தை மாற்றினார்கள், அதுதான் ஆத்திரமாக வருகிறது. பேரீச்சை இடுப்பளவுக்கு வந்ததும் நெட்டிலிங்கம் வைத்தார்கள். அது முழங்காலுக்கு வந்ததும் மூங்கில். ஒரு மழைக்கு ஆள் உயரம் எழும்பும் மூங்கில், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மூன்று வருடத்தில் அறுகம்புல் உயரத்துக்கு இறங்கியது. வீட்டைவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்றிருந்த கொரோனாக் காலத்தில் ஆண்கள் பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்தார்கள். மரங்கள் இறங்கிய வேகமும் அப்போதுதான் அதிகம். ஒருவர் மண்ணை எடுத்துப் பரிசோதித்துவிட்டு மண் அருமையான மண் என்று சொல்லிப் போனார். அது தஸ்லிமாவுக்கு முன்பே தெரியும், அவளுடைய மண்தானே.

அவளுக்கு ஒரே ஆறுதல் மகள் அஃப்ரா. ஆறு வயதில் குளத்தில் இறங்கியவள், அண்ணன்மார் பிடிக்க முடியாத வேகத்தில் நீந்தினாள். தஸ்லிமா கரையில் நின்று கையை இப்படி வீசு, தலையை அப்படித் திருப்பு என்று சொல்லிக்கொடுத்தே ஆறு வருடத்தைத் தள்ளிவிட்டாள். 2023 ஆடியில் அஃப்ரா பெரிய பிள்ளையானாள். சடங்கு முடிந்த வாரம், குளத்தில் இறங்கப் போன பிள்ளையை நூகு நிறுத்தினான்.

“இனி அங்கன போகக்கூடாது மக்கா. மரம் வளரட்டும், பொறவு குளிக்கலாம்.”

மூங்கில்கள் மண்ணுக்குள்ளேயே போய்விட்டன. குளத்தைச் சுற்றிப் பதினாறு ஓட்டைகள் மட்டும் இருந்தன, நண்டு வளை மாதிரி. அஃப்ரா நனையாத துண்டைப் பிடித்துக்கொண்டு உம்மாவைப் பார்த்தாள். தண்ணீரில் இறங்காத தன் முப்பத்தோரு வருடத்தை மகளிடமும் நீட்டுகிறார்கள் என்று கண்டபோது தஸ்லிமாவுக்கு அழுகை வரவில்லை. காது சூடேறியது. எனக்குச் செய்ததைப் பொறுத்தேன், அதுதான் நான் செய்த தப்பு என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே சொன்னாள்.

வியாழக்கிழமை முத்துராணியை வரச் சொன்னாள். முத்துராணி ஓட்டைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இத்தன வருசத்துல என்ன மரம் வேணும்னு ஒங்ககிட்ட ஒருத்தராவது கேட்டாவளாக்கா?”

“நீதான் மொதல்ல கேக்குத. பூவரசு கொண்டா.”

பூவரசு ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற மரம். இலை உதிர்க்கும், பூ உதிர்க்கும், எறும்பும் குருவியும் சொந்தக்காரர் மாதிரி வந்து தங்கும். கிளையை வெட்டி ஊன்றினால் போதும், தழைத்துவிடும். வாய்க்கால் கரையில் வெட்டிய பதினாறு கிளைப் போத்துகளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு முத்துராணி வெள்ளிக்கிழமை வந்தாள். ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். தஸ்லிமா ஒவ்வொரு போத்தாக ஊன்றி, ஒவ்வொன்றிடமும் குனிந்து வேலையைச் சொன்னாள்.

“நானும் என் மகளும் இப்ப குளிக்கப் போறோம். மறச்சு நில்லு.”

இப்ப என்ற சொல்லை அதுவரை எந்த மரமும் அந்த வீட்டில் கேட்டதில்லை. பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் முடிவதற்குள் முதல் வரிசை சன்ஷேடைத் தாண்டியது. தொழுகைக்கு அணி நின்றபோது மொட்டைமாடிச் சுவரைத் தாண்டியது. தன் மாடியில் வடாம் காயவைத்திருந்த சேக் முகம்மதுவின் மனைவி, வெயில் போய்விட்டதே என்று முனகிக்கொண்டு தட்டுகளை எதிர்ப்பக்கம் நகர்த்தினாள். முத்துராணி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். மதியத்துக்கு மேல் அவளுக்கு இன்னொரு வீட்டில் முருங்கை ஊன்றும் வேலை இருந்தது.

வீட்டிலேயே மதியத்து லுஹர் தொழுதுவிட்டு உம்மாவும் மகளும் சல்வாரோடு இறங்கினார்கள். முதல் இரண்டு வீச்சுக்குத் தஸ்லிமாவின் தோள் மறுத்தது. மூன்றாவது வீச்சில் அதற்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. முப்பதடிக் குளத்தில் அக்கரை என்று ஒன்றில்லை என்பதால் அவள் போனாள், வந்தாள், போனாள், வந்தாள். பிறகு தண்ணீருக்குள் தலையை அமுக்கி, இத்தனை வருடமும் யார் யாரிடமோ சொல்ல வேண்டியிருந்ததையெல்லாம் அங்கேயே கத்தித் தீர்த்தாள். மேலே குமிழிகள்தான் வந்தன. அஃப்ரா சிரித்தாள்.

நூகு திரும்பி வந்தபோது பின்வாசலில் இலைகள்தான் தெரிந்தன. உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு கிளையை விலக்கிப் பார்த்தான். அந்த இடத்தில் வேறு கிளை வந்து நின்றது.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே, தஸ்லிமா.”

“எங்க உம்மா வீட்டு மண்ணு மச்சான். போத்து ஊன யார்ட்ட கேக்கணும்?”

நூகு விலக்கிய கிளையை விட்டான். உள்ளே போய் உட்கார்ந்தான். அடுத்த மாதம் கிராம நிர்வாக அலுவலர் வந்து மரங்களை எண்ணினார். பூவரசு பதினாறு, உயரம் நாற்பது அடி, வயது முப்பது நாள் என்று எழுதிக்கொண்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனார். இலைகள் குளத்தில் கொட்டுகின்றன. அம்மார் கம்பு வலையால் அவற்றை அள்ளுகிறான். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மதியச் சோறு மூன்றரை மணிக்குத்தான் ஆகிறது. பள்ளியிலிருந்து பசியோடு வரும் ஆண்கள் முன்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் கேட்பதில்லை.